வைப்பர் துடைப்பதில்லை

உளுந்தூர்ப்பேட்டை தாண்டி விழுப்புரம் பக்கம் வந்துகொண்டிருந்தோம். ஐப்பசி மாதம். சாயங்காலம் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்துக்கு ஈசல் கிளம்பி வந்தது. முதலில் நாலைந்து, அப்புறம் கண்ணாடி முழுக்க. பட்பட்டென்று மோதி ஒட்டிக்கொண்டது. நான் யோசிக்காமல் வைப்பரைப் போட்டேன். இரண்டே இழுப்புதான். சிறகும் சதையுமாகக் கிடந்ததெல்லாம் அரைத்த மாவு மாதிரி கண்ணாடியில் பரவிவிட்டது. எதிரே ஒரு லாரி வந்ததும் கண் முன்னால் வெள்ளைத் திரைதான் இருந்தது, ரோடு இல்லை.

ஒரு பஞ்சர் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி அடிச்சீங்களாண்ணே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது, அவர் கேட்டது கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷரைப் பற்றி. லீவரை இழுத்தேன். எங்கேயோ ஒரு மோட்டார் 'ஙொய்' என்றது, தண்ணீர் வரவில்லை. டேங்க் காலி. கடைசியாக எப்போது நிரப்பினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

இந்த வைப்பர், வாஷர் சமாச்சாரத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "பிளேடு மாத்தினா சரியாயிடும்", "கூலன்ட் ஊத்தினா போதும்", "வெயில்ல நிறுத்தும்போது தூக்கி வச்சிடணும்" என்று பல வைத்தியம். இவற்றில் எது சரி, எது தப்பு என்று தெரிய வேண்டுமானால், கண்ணாடியின் மேல் என்ன நடக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

## வீட்டில் இருக்கும் வைப்பர்

தரை கழுவியதும் தண்ணீரைத் தள்ள, நீளக் கம்பின் அடியில் ரப்பர் பட்டை வைத்த சாமான் ஒன்று வீட்டில் இருக்கிறதே, அதையும் நாம் வைப்பர் என்றுதான் சொல்கிறோம். கார் வைப்பருக்கு நெருங்கிய சொந்தம் அதுதான். துணிக்கும் மாப்புக்கும் அதற்கும் உறவே கிடையாது. துணி ஈரத்தை உறிஞ்சும், அழுக்கைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். ரப்பர் எதையும் உறிஞ்சாது. இருக்கிற தண்ணீரை ஓரத்துக்கு வழித்துத் தள்ளும், அவ்வளவுதான்.

காய்ந்த தரையில் அந்த ரப்பரை இழுத்துப் பாருங்கள். கிறீச்சென்று கத்தும், குதிக்கும், ஓரடி நகர்வதற்குள் கை வலிக்கும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இழுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். காரிலும் அப்படித்தான். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று இருந்தாக வேண்டும். அழுக்கைக் கரைப்பதும், ரப்பரை வழுக்க விடுவதும் அந்தத் தண்ணீர்தான். ரப்பர் செய்வது கரைந்ததை ஒதுக்கும் வேலை மட்டும்.

வைப்பர் போன பிறகும் கண்ணாடி காய்ந்துவிடுவதில்லை. மிக மெல்லிய ஈரம் மிஞ்சும். ஆனால் அது சீராகப் பரவியிருப்பதால் பார்வையை மறைக்காது. மழைத்துளி ஏன் மறைக்கிறது என்றால், அது குவிந்து நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ், வெளிச்சத்தைக் கண்டபடி வளைத்துவிடும். துளியைப் படலமாக்கிவிட்டால் ரோடு தெரியும். லாரி ஓட்டுகிறவர்கள் மழையில் வைப்பர் நின்றுபோனால் பீடியைப் பிரித்து, புகையிலையை ஈரக் கண்ணாடியில் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்த்த இடத்தில் தண்ணீர் உருண்டு நிற்காமல் தகடு மாதிரி படர்ந்து வழியும். கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். ஆனாலும் விஷயத்தைப் பிடித்த வைத்தியம்.

இப்போது தூசிக்கு வருவோம். நம் ஊர்த் தூசியில் நுண்மணல் நிறைய. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால், ரப்பரின் விளிம்பில் சிக்கிய மணல் கண்ணாடியில் வில் வடிவத்தில் கோடு போடும். ஒரு நாளில் தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, காலை வெயில் நேராக அடிக்கும்போது தெரியும். அந்தக் கோடுகள் போகவே போகாது.

(இங்கே ஒரு புலம்பல். நம் ஊரில் மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் லீவர் ஸ்டியரிங்கின் வலப்பக்கம், வைப்பர் லீவர் இடப்பக்கம். ஐரோப்பிய வழிக் கார்கள் பலவற்றில் அப்படியே மாறி இருக்கும். இரண்டு வகையையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர் திருப்பத்தில் இண்டிகேட்டர் போடப் போய், காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டுவிடுவார். சிரிப்பாக இருக்கும். கண்ணாடிக்குச் சிரிப்பில்லை.)

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வைப்பர் ஒரு தண்ணீர் தள்ளி. தண்ணீர் இல்லாமல் அதற்கு வேலை இல்லை. அதனால்தான் மழை இல்லாத நேரத்துக்காக ஒரு தண்ணீர் டேங்க்கையும் காரிலேயே வைத்திருக்கிறார்கள்.

## டேபிள் ஃபேன் தலையாட்டுவது எப்படி

டேபிள் ஃபேனின் பின்மண்டையில் ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்தினால் ஃபேன் தலையாட்டத் தொடங்கும். இறக்கை தலைதெறிக்கச் சுற்றுகிறது, தலையோ சாவகாசமாக இடமும் வலமும் போய்வருகிறது. இரண்டுக்கும் ஒரே மோட்டார். இது எப்படி என்று புரிந்தால் வைப்பர் மோட்டாரும் புரிந்துவிடும்.

அங்கே இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, வேகத்தைக் குறைப்பது. மோட்டாரின் தண்டில் திருகாணி மாதிரி மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பல்சக்கரத்தின் பல்லில் பதிந்திருக்கும். தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 60 பல் இருந்தால், அது ஒரு சுற்று வர, தண்டு 60 சுற்று சுற்ற வேண்டும். இந்த ஜோடிக்கு வோர்ம் கியர் என்று பெயர். வேகம் குறையும் அளவுக்குத் தள்ளும் பலம் கூடும். கையடக்கமான ஒரு மோட்டார், வைப்பரின் இரண்டு கைகளையும் கொட்டும் மழையில் இழுத்துப் போவது இந்தப் பலத்தில்தான்.

இரண்டாவது வேலை, சுற்றுவதை ஆட்டமாக்குவது. இதற்குத் தையல் மிஷினைப் பாருங்கள். காலால் பெடலை மேலும் கீழும் ஆட்டுகிறோம், ஒரு கம்பி வழியாகச் சக்கரம் சுற்றுகிறது. வைப்பரில் இது தலைகீழ். சக்கரம் சுற்றுகிறது, கம்பி முன்னும் பின்னும் போகிறது, கை ஆடுகிறது. சக்கரத்தின் மையத்தில் இல்லாமல் தள்ளி ஓர் ஓரத்தில் கம்பியை மாட்டியிருப்பதுதான் சூட்சுமம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் அந்தச் சின்னக் கைக்கு கிராங்க் என்று பெயர். கிராங்கிலிருந்து இரண்டு வைப்பருக்கும் போகும் கம்பிகளின் தொகுப்பை மெக்கானிக்குகள் லிங்கேஜ் என்பார்கள். ஆக, மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. வைப்பர் திரும்பும் ஒவ்வொரு முறையும் மோட்டாரும் திரும்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அண்மைக் காலத்தில் வந்த சில மாடல்களைத் தவிர அப்படி இல்லை.

இதெல்லாம் எங்கே இருக்கிறது? பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் சல்லடை ஒன்று இருக்கும், அதற்கடியில். வேப்ப மரத்தடியில் கார் நிறுத்துகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும், பூவும் சருகும் போய்ச் சேரும் இடம். அங்கே மக்கிய குப்பை தண்ணீர் வடியும் துளையை அடைத்துக்கொண்டால், லிங்கேஜ் மூட்டுகள் ஈரத்திலேயே கிடந்து துருப்பிடிக்கும். வைப்பர் மெதுவாக, முனகிக்கொண்டு நகர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த மூட்டுகளைத்தான்.

வோர்ம் கியருக்கு இன்னொரு குணம் உண்டு. தண்டு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் தண்டைச் சுழற்றுவது கடினம். காற்றடித்தாலும் நிறுத்திய வைப்பர் தானாக நகராமல் இருக்க இதுவும் ஒரு காரணம். கார் கழுவும்போது வைப்பரைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பவர்கள் கவனிக்கவும். அது நகரக் கூடாது. பலவந்தமாகத் தள்ளினால் நகராது, எங்கேயாவது ஒரு மூட்டு கழன்றுகொள்ளும்.

வேகம் கூட்டவும் குறைக்கவும் மோட்டாருக்குள் ஒரு கூடுதல் கார்பன் பிரஷ் வைத்திருப்பார்கள். மிக்ஸியில் தேய்ந்துபோனால் மாற்றுவோமே, அதே ஜாதி. மின்சாரத்தை மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. எந்த பிரஷ் வழியாக மின்சாரம் போகிறது என்பதைப் பொறுத்து மெதுவான வேகமும் விரைவான வேகமும் கிடைக்கின்றன. அமெரிக்க வாகன விதிப்படி, விரைவு வேகத்தில் நிமிடத்துக்குக் குறைந்தது 45 முறை வைப்பர் போய்வர வேண்டும், இரண்டு வேகத்துக்கும் நடுவில் குறைந்தது 15 முறை வித்தியாசம் இருக்க வேண்டும்.

மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு வேடிக்கையான ஏற்பாடு ஒன்று இருந்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையைக் கொண்டே வைப்பரை ஓட்டினார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அந்த இழுவை குறைந்துவிடும். மழையில் மலை ஏறும்போது, எப்போது வைப்பர் வேகமாக ஓட வேண்டுமோ அப்போதுதான் அது படுத்துவிடும். ஜெர்மனியில் போஷ் நிறுவனம் 1926-லேயே மின்சார வைப்பரைக் கொண்டுவந்துவிட்டது. அப்படியிருந்தும் அமெரிக்கக் கார்களில் இந்த உறிஞ்சல் வைப்பர் பல பத்தாண்டுகள் ஓடியது.

## அணைத்த பிறகும் ஏன் ஓடுகிறது?

வைப்பர் கண்ணாடியின் நடுவில் இருக்கும்போது சுவிட்சை அணையுங்கள். அங்கேயே நிற்காது. மீதித் தூரத்தை முடித்து, கீழே படுத்த பிறகுதான் நிற்கும். வண்டிமாடு பாதி வழியில் ஆள் தூங்கிவிட்டாலும் வீட்டு வாசலுக்கு வந்துதான் நிற்கும் என்பார்களே, அது மாதிரி.

இதற்காக மோட்டாருக்கு மின்சாரம் வர இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று உங்கள் சுவிட்ச் வழியாக. இன்னொன்று, மோட்டாரின் பல்சக்கரத்தில் பதித்த ஒரு பித்தளை வளையம் வழியாக. அந்த வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு. வைப்பர் கீழே படுத்திருக்கும் நிலைக்கு நேராக அந்த வெட்டு வரும்படி அமைத்திருப்பார்கள். சுவிட்சை அணைத்தால் முதல் வழி அடைபடும். வளைய வழி திறந்தே இருக்கும். வெட்டு வந்து சேரும்போது அதுவும் அடைபட்டு மோட்டார் நிற்கும். இந்த ஏற்பாட்டைப் பார்க் சுவிட்ச் என்பார்கள்.

ஆனால் வேகமாகச் சுற்றுகிற மோட்டார் மின்சாரம் போன உடனே நிற்குமா? இழுவையில் கொஞ்சம் ஓடிவிடும். அதைத் தடுக்க, வெட்டு வந்ததும் மோட்டாரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறார்கள். மின்சாரம் இல்லாமல் சுற்றும் மோட்டார் டைனமோ ஆகிவிடும். பழைய சைக்கிளில் டைனமோவைச் சாய்த்து லைட் எரியவிட்டால் மிதிப்பது கனக்குமே, அதே கனம்தான் இங்கே பிரேக்.

வைப்பர் கண்ட இடத்தில் நிற்கிறது, கீழே வந்து படுப்பதில்லை என்றால் பழுது பெரும்பாலும் இந்த வளையத்தில்தான். பிளேடை மாற்றிப் பயனில்லை.

## தராசுக்குள் தராசு

கண்ணாடி தட்டையாக இருந்தால் ஒரு நேர்க்கம்பியில் ரப்பரைக் கட்டி இழுத்துவிடலாம். காரின் முன்கண்ணாடி வளைந்தது, ஓரத்தில் ஒரு வளைவு, நடுவில் வேறொரு வளைவு. கை ஒரே புள்ளியில்தான் பிளேடைப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு புள்ளியின் அழுத்தத்தை 20 அங்குல நீளத்துக்கும் சமமாகப் பங்கிட வேண்டும்.

பழைய பாணி பிளேடை எடுத்துப் பாருங்கள். நடுவில் பெரிய வளைவு ஒன்று, அதன் இரு முனையிலும் சின்ன வளைவுகள், அவற்றின் முனைகளில் ரப்பரைக் கவ்வும் நகங்கள். இது தராசுக்குள் தராசு. தராசின் நடுக்கொக்கியைப் பிடித்து அழுத்தினால் பாரம் இரண்டு தட்டுக்கும் சமமாகப் போகும். ஒவ்வொரு தட்டின் இடத்திலும் இன்னொரு தராசைத் தொங்கவிட்டால் பாரம் நாலு இடத்துக்குப் போகும். கண்ணாடி எப்படி வளைந்தாலும் தராசுகள் தாமே சாய்ந்துகொடுக்கும். கையின் அடியில் உள்ள ஸ்பிரிங்தான் மொத்தத்தையும் கண்ணாடியோடு அழுத்துகிறது.

புதிய தட்டை பிளேடில் தராசே கிடையாது. உள்ளே வில் மாதிரி வளைத்த ஸ்பிரிங் எஃகுப் பட்டை. கண்ணாடியின் மேல் அழுத்தும்போது வில் நிமிர்கிறது, நிமிரும் வேகத்தில் நீளம் முழுக்கச் சமமாக அழுத்துகிறது. பார்க்க அழகு, மூட்டுகளில் தூசி அடைவதில்லை, வேகமாகப் போகும்போது காற்று தூக்குவதும் குறைவு. ஒரு குறை: அந்த வில்லின் வளைவு உங்கள் காரின் கண்ணாடிக்குப் பொருந்த வேண்டும். நீளம் சரியாக இருக்கிறது என்று கண்டதை வாங்கி மாட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

இனி ரப்பர். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தலைகீழாக நிற்கும் கோபுரம் மாதிரி இருக்கும். மேலே அகலமான தோள், அப்புறம் மெல்லிய கழுத்து, அதன் கீழே குறுகிக்கொண்டே போகும் உடல், கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் உதடு. உதடு கத்தி மாதிரி கூராக இருக்கும் என்று நினைக்கிறோம். இல்லை, கத்தரித்த காகிதக் கட்டின் ஓரம் மாதிரி சதுரமான மூலை உடையது. ரப்பர் சாய்ந்து போகும்போது அந்த மூலை ஒன்றுதான் கண்ணாடியைத் தொடும், தண்ணீரை வழிக்கும்.

வெள்ளையடிக்கிறவர் கையைக் கவனித்திருக்கிறீர்களா? பிரஷ் மேலே போகும்போது மயிர் கீழ்நோக்கிச் சாயும், கீழே வரும்போது மேல்நோக்கிச் சாயும். திரும்பும் இடத்தில் ஒரு மடக்கு. வைப்பர் ரப்பரும் ஒவ்வொரு கோடியிலும் அப்படி மடங்கித் திரும்புகிறது. அந்த மெல்லிய கழுத்து இருப்பதே இதற்காகத்தான். போகிற திசைக்கு எதிராகச் சாய்ந்து, பின்னால் இழுபட்டு வர வேண்டும்.

நம் வெயிலில் மாதக்கணக்கில் கிடக்கும் ரப்பர் இறுகிப்போகும். கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்து கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் திரும்பும்போது மடங்காது. ஒரு திசையில் இழுபட்டு வரும், எதிர்த் திசையில் முன்னால் குத்திக்கொண்டு போகும். குத்தினால் ஒட்டும், விடுபட்டுக் குதிக்கும், மறுபடி ஒட்டும். கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் புள்ளிக்கோடு விழுமே, அதேதான். காரில் அது 'தடதட'வென்று கேட்கும்.

இந்தப் பகுதியின் சாரம்: ஸ்பிரிங் அழுத்துகிறது, தராசோ வில்லோ அதைப் பங்கிடுகிறது, உதட்டின் ஒரு மூலை வழிக்கிறது, கழுத்து திசைக்குத் திசை மடங்குகிறது.

## விட்டுவிட்டு ஓடுவது

தூறல் நேரத்தில் வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தால் காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கத்தும். அணைத்தால் துளி சேரும். ஒரு இழுப்பு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு இழுப்பு என்று ஓட வைத்தவர்களில் பெயர் பெற்றவர் ராபர்ட் கேர்ன்ஸ், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பொறியாளர். 1953-இல் தேனிலவின்போது ஷாம்பெயின் பாட்டிலின் தக்கை தெறித்து ஒரு கண்ணில் பட்டுப் பார்வை பழுதானது. கண் இமை ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பதில்லை, விட்டுவிட்டுத்தானே இமைக்கிறது, வைப்பர் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் அமைத்த மின்சுற்றின் நடுநாயகம் ஒரு கெப்பாசிட்டர். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் மாற்றித் தருகிற 'கண்டென்சர்' இருக்கிறதே, அதன் குட்டித் தம்பி. குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடியில் ஒரு சொம்பு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சொம்பு நிரம்பினால் கவிழும், கவிழ்ந்தால் வைப்பர் ஒரு முறை ஓடும், மறுபடி நிரம்பத் தொடங்கும். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதுதான் இடைவெளி. கெப்பாசிட்டரில் தண்ணீருக்குப் பதில் மின்னூட்டம். இன்றைய கார்களில் இந்தக் கணக்கைப் பார்ப்பது ஒரு சிறு கணினி.

கேர்ன்ஸுக்கு 1967-இல் காப்புரிமை கிடைத்தது. கார் நிறுவனங்கள் தன் யோசனையை எடுத்துக்கொண்டதாக 1978-இல் ஃபோர்டு மீது வழக்குப் போட்டார், பிறகு கிரைஸ்லர் மீது. ஃபோர்டு 1990-இல் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேலே கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. கிரைஸ்லர் வழக்கிலும் ஜெயித்தார். அதற்குள் அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, குடும்பமும் பிரிந்துவிட்டது. அவருக்கும் முன்னால், கைப்பிடியை உள்ளிருந்து ஆட்டினால் வெளியே ரப்பர் நகரும் வைப்பருக்கு 1903-இல் காப்புரிமை வாங்கியவர் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். அவருக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. வாங்க வந்தவர்களே இல்லை.

மழை வந்தால் தானாக ஓடும் வைப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கண்ணுக்கு மேலே தூக்கி, கீழிருந்து சாய்வாக நீரின் மேற்பரப்பைப் பாருங்கள். வெள்ளித் தகடு மாதிரி மின்னும். சாய்வாக வந்த வெளிச்சம் வெளியே போக முடியாமல் உள்ளேயே திரும்புகிறது. உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய சென்சார், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இப்படித்தான் முன்கண்ணாடிக்குள் சாய்வாக அனுப்புகிறது. கண்ணாடி காய்ந்திருந்தால் ஒளி பத்திரமாகத் திரும்பி வரும். வெளியே துளி ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் ஒளி துளிக்குள் புகுந்து தப்பிவிடும். திரும்பி வருவது குறையக் குறைய வைப்பர் வேகமெடுக்கும். அதற்குத் தெரிவது அந்தச் சின்ன இடம் மட்டும்தான். கார் கழுவக் கொடுக்கும்போது இந்த ஆட்டோவை அணைத்துவிடுங்கள். முதல் வாளித் தண்ணீர் விழுந்ததும் சேற்றோடு சேர்த்து இழுக்கும்.

## தண்ணீர் அடிக்கும் பக்கம்

இது வீட்டு மோட்டார் மாதிரி, கொஞ்சம் சின்னது. பானெட்டைத் திறந்தால் நீல மூடியோ கறுப்பு மூடியோ போட்ட பிளாஸ்டிக் டேங்க். மூடியின் மேல் கண்ணாடியும் அதில் தண்ணீர் பீய்ச்சுவதும் படமாக இருக்கும். டேங்க்கின் அடியில் ஒரு பம்ப், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் கடைசியில் நாசில், அதாவது தண்ணீர் பீய்ச்சும் சின்னத் துளை.

பம்ப் ஏன் அடியில்? உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் சுற்றித் தண்ணீரை வெளியே விசிறுகிறது. இந்த வகை பம்ப் காற்றை இழுக்காது. கிணற்று மோட்டாரில் தண்ணீர் இறங்கிப்போனால் மேலே ஊற்றி நிரப்பிவிட்டுத்தானே ஓட்டுகிறோம்? அந்தத் தொல்லை இல்லாமல் இருக்க, பம்பை எப்போதும் தண்ணீருக்குக் கீழேயே வைத்துவிட்டார்கள். டேங்க் காலியாக இருக்கும்போது லீவரை இழுத்துக்கொண்டே இருந்தால் பம்ப் வறண்டு ஓடிச் சூடேறும், சீல் போகும். நான் அன்று பஞ்சர் கடையில் செய்தது அதைத்தான்.

ஃபுட் வால்வும் இங்கே உண்டு. பல கார்களில் குழாயின் நடுவில் ஒரு வழி மட்டும் திறக்கும் சிறு வால்வு இருக்கும். ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துவைக்கும். லீவரை இழுத்து இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் தண்ணீர் வருகிறது என்றால் இந்த வால்வு பிடிக்கவில்லை, அல்லது குழாயில் எங்கோ கசிவு. பின்கண்ணாடிக்கும் வைப்பர் உள்ள கார்களில், பலவற்றில் ஒரே பம்ப்தான். ஒரு திசையில் சுற்றினால் முன்னால் தண்ணீர், எதிர்த் திசையில் சுற்றினால் பின்னால். யோசித்தவர் கெட்டிக்காரர்.

என்ன ஊற்றுவது என்பதில்தான் நிறையக் குழப்பம். கூலன்ட் ஊற்றவே கூடாது. அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அதன் டேங்க் வேறு. கண்ணாடியில் பட்டால் எண்ணெய்ப் படலம் மாதிரி பிசுபிசுக்கும், குடித்தால் விஷம். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம். வாஷருக்கு வைத்திருந்த சோப்புத் தண்ணீரை கூலன்ட் டேங்க்கில் ஊற்றினால் எஞ்சினுக்குள் நுரைக்கும். மூடியில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பனி உறையும் நாடுகளில் டேங்க்கே கட்டியாகிவிடும் என்பதால் ஆல்கஹால் கலந்த திரவம் விற்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை போர்வெல் தண்ணீர். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அது நாசில் துளையிலும் படியும். ஆர்ஓ வடித்த குடிநீர் போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிச் சிலர் ஊற்றுகிறார்கள், அதிலும் உப்பு இல்லை. கூடவே கடையில் விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தை, பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலக்கலாம். அதில் இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பசையைப் பிரிக்கும், நுரைக்காத சோப்பு வகை. பாத்திரம் கழுவும் லிக்விடைத் தாராளமாக ஊற்றினால் கண்ணாடி முழுக்க நுரை நிற்கும், காய்ந்ததும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

## கண்ணாடி காட்டும் அடையாளங்கள்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன், ஈரமான கண்ணாடியில் வைப்பரை ஓட்டி அது விட்டுப்போகும் தடத்தைப் பாருங்கள். மெல்லிய ஒற்றைக் கோடு விழுந்தால் உதட்டில் ஒரு மணலோ ஒரு கிழிசலோ. ஈரத் துணியால் ரப்பரை நுனி முதல் நுனி வரை வழித்துப் பாருங்கள். துணி கறுப்பாகும். கோடு போய்விட்டால் மணல், போகாவிட்டால் கிழிசல்.

அகலமான பட்டை ஒன்று துடைபடாமல் நின்றால், அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. தராசு இறுகியிருக்கும், வில் பொருந்தாமல் இருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தடதடவென்று ஒரு திசையில் மட்டும் குதித்தால் ரப்பர் இறுகிவிட்டது. புது ரப்பர் போட்டும் குதித்தால் கை முறுகியிருக்கிறது.

வைப்பர் போன பிறகு கண்ணாடி முழுக்க மங்கலாகப் படர்ந்து, ஓரிரு நொடியில் மறைகிறதா? எதிர் வண்டி வெளிச்சத்தில் மட்டும் கண் கூசுகிறதா? இதற்குத்தான் எல்லாரும் பிளேடை மாற்றிவிட்டுக் காசு போச்சு என்கிறார்கள். பிளேடில் குற்றமில்லை. கண்ணாடியில் எண்ணெய்ப் பசை. முன்னால் போகும் லாரிகளின் டீசல் புகை, ரோட்டில் தெறிக்கும் ஆயில், கார் கழுவுகிறவர் பாலிஷ் போட்ட அதே துணியால் கண்ணாடியையும் துடைத்தது, எல்லாம் சேர்ந்த பசை. ரொம்ப நாள் கழித்து வரும் முதல் மழையில் இது உச்சத்தில் இருக்கும். கண்ணாடியைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

வெயிலில் நிறுத்தும்போது பிளேடைத் தூக்கிவைப்பது பற்றி என் அபிப்பிராயம்: எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ரப்பர் கண்ணாடிச் சூட்டிலிருந்து தப்பும், நேர் வெயிலில் காயும். ஸ்பிரிங்கும் இழுபட்டபடியே நிற்கும். போகிற வருகிற பிள்ளைகள் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். நிழலில் நிறுத்துவதுதான் மருந்து.

பிளேடு மாற்றுவது நீங்களே செய்யக்கூடிய வேலை. டிரைவர் பக்கமும் பக்கத்து சீட் பக்கமும் பெரும்பாலும் வேறு வேறு நீளம், பழையதை அளந்து வாங்குங்கள். கையைத் தூக்கி, கொக்கியின் சின்னப் பூட்டை அழுத்தி, பிளேடைக் கை ஓரமாகக் கீழ்நோக்கித் தள்ளினால் கழன்றுவிடும். கழற்றியதும் முதலில் ஒரு துண்டை மடித்துக் கண்ணாடியின் மேல் போடுங்கள். பிளேடு இல்லாத வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் சடாரென்று விழுந்தால் கண்ணாடியில் விரிசல் விழும். என் நண்பர் ஒருவருக்கு நானூறு ரூபாய் பிளேடு போட்ட அன்று புதுக் கண்ணாடியும் போட வேண்டியதாயிற்று.